காரின் கடகடப்பு: காரணமும் பரிகாரமும்

இரட்டைக்கிளவி என்று நம் இலக்கணத்தில் ஒரு சொல்வகை உண்டு. சலசல, கடகட, தடதட, படபட என எப்போதும் இரட்டையாகவே வரும். பிரித்தால் பொருள் தராது. தொல்காப்பியர் இதற்கென்று ஒரு சூத்திரமே செய்து வைத்திருக்கிறார். பள்ளியில் இதைப் படித்தபோது, பரீட்சையில் சில மதிப்பெண்களுக்கு மேல் இதனால் ஒரு பயன் விளையும் என்று நம்மில் எவரும் எண்ணியிருக்க மாட்டோம். ஆனால் பழைய மோட்டார் கார் ஒன்று கைக்கு வந்து, அதன் அடியிலிருந்து ஏதோ ஓசை கிளம்பத் தொடங்கினால் இச்சொற்களின் அருமை விளங்கும். சருகு சலசலக்கும், கதவு தடதடக்கும், டப்பாவுக்குள் போட்ட கல் கடகடக்கும். ஒவ்வொரு சொல்லும், எத்தகைய பொருள் எவ்வாறு அசைகிறது என்பதையே நமக்குச் சொல்லிவிடுகிறது. காரின் ஓசைக்குச் சரியான பெயர் வைத்துவிட்டால் பழுது பார்க்கும் வேலையில் பாதி முடிந்தாற்போலத்தான்.

நம் மன்றத்து அன்பர்களில் சொந்தக் கார் உடையவர் மிகச் சிலர். அவையும் பெரும்பாலும் பலர் கை மாறி வந்த பழைய வண்டிகள். ஆராய்ச்சி மாணவர் மூவர் நால்வர் கூடிப் பணம் போட்டு வாங்கியவையும் அவற்றில் உண்டு. அப்படிப்பட்ட வண்டிகளில் முதலில் ஆட்டம் காண்பது புகைக்குழாய்தான். அதன் ஓசைகளில் ஒரு விசித்திரம் இருக்கிறது. காதைத் துளைக்கும் ஓசைகளில் பெரும்பாலானவை அபாயமற்றவை. சிறு செலவில் தீருபவை. காதில் விழுந்தும் விழாததுமாக வரும் ஓர் ஓசையோ உயிரையே வாங்கக் கூடியது. இந்த இரண்டையும் பிரித்தறியும் வகையைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

புகை போகும் பாதை

எஞ்சினுக்குள் பெட்ரோல் எரிவது அடுப்பில் விறகு எரிவதைப் போன்றதன்று. அது ஒன்றன்பின் ஒன்றாக நிகழும் சிறு வெடிப்புக்களின் வரிசை. இன்றைய கார் எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை வெடிக்கிறது. 1983-ஆம் ஆண்டு டிசம்பரில் வெளிவந்து 2014-ஆம் ஆண்டு ஜனவரியில் உற்பத்தி நின்றுபோன மாருதி 800 வண்டிக்கு மூன்று சிலிண்டர்கள். நிமிஷத்துக்கு 800 சுற்று என்ற நிதானத்தில், நின்ற இடத்திலேயே அது ஓடிக்கொண்டிருக்கும்போது விநாடிக்கு 20 வெடிப்புக்கள் நிகழ்கின்றன. நான்கு சிலிண்டர் எஞ்சின் 3,000 சுற்றில் ஓடினால் விநாடிக்கு 100 வெடிப்புக்கள். ஒவ்வொரு வெடிப்பும் ஒரு சூடான வாயுக் குமிழைக் குழாய்க்குள் தள்ளுகிறது.

சிலிண்டர்களிலிருந்து வரும் வாயு முதலில் ஒரு கிளைக்குழாயில் ஒன்று கூடுகிறது. பட்டறையில் அதை மேனிஃபோல்டு என்பார்கள். அதன்பின் வருவது கேடலிட்டிக் கன்வர்ட்டர், அதாவது வினையூக்கிப் பெட்டி. அதற்குள் தேனடை போலக் கண்ணறைகள் நிறைந்த ஒரு பீங்கான் கட்டி இருக்கிறது. அதன் மேல் பிளாட்டினம், பலேடியம், ரோடியம் ஆகிய விலையுயர்ந்த உலோகங்கள் மிக மெல்லிய பூச்சாகப் பூசப்பட்டிருக்கும். நச்சு வாயுக்கள் அவற்றின் மேல் படும்போது பெரும்பாலும் தீங்கற்றவையாக மாறுகின்றன. 1995-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் முதல் டில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களில் விற்கப்பட்ட புதிய பெட்ரோல் கார்களுக்கு இப்பெட்டி கட்டாயமாயிற்று. ஈயம் கலந்த பெட்ரோல் இந்தப் பூச்சைக் கெடுத்துவிடும். ஆதலால் ஈயமில்லாப் பெட்ரோலும் அப்போதே அந்நகரங்களுக்கு வந்தது.

கன்வர்ட்டரைத் தாண்டிய வாயு நீண்ட குழாய் வழியே காரின் பின்புறம் சென்று சைலென்ஸர் பெட்டியை அடைகிறது. அதற்குள் அறைகளும், துளையிட்ட குழாய்களும், தடுப்புத் தகடுகளும் உண்டு. ஒலி அலைகள் அவற்றில் மோதித் திரும்பி ஒன்றையொன்று அடக்கிக் கொள்கின்றன. கடைசியாக வால்குழாய். பாதையில் சூடு மிகுந்த இடங்களில், காரின் தரைக்கும் குழாய்க்கும் இடையே மெல்லிய தகடுகள் பொருத்தப்பட்டிருக்கும். இவை வெப்பத் தடுப்புத் தகடுகள். ஹீட் ஷீல்டு என்று கேட்டால் எந்தக் கடையிலும் புரிந்துகொள்வார்கள்.

பேச்சில் நாம் இந்த வரிசை முழுவதையும் ‘சைலென்ஸர்’ என்றே சொல்லிவிடுகிறோம். பழுது பார்க்கும்போது அப்படிச் சொல்வது, பல்வலிக்காரன் வைத்தியரிடம் போய் ‘உடம்பு வலிக்கிறது’ என்பதைப் போன்றது.

ஏன் ஆட்டம் காண்கிறது?

மூன்று பகைவர்கள் இக்குழாயை ஓயாமல் தாக்குகிறார்கள்: சூடு, நீர், அதிர்ச்சி.

சூடு ஏறினால் இரும்பு நீளும் என்பதை நாம் அறிவோம். ஒரு மீட்டர் நீளமுள்ள உருக்கு, 100 டிகிரி செல்ஸியஸ் சூடேறும்போது ஏறக்குறைய 1.2 மில்லிமீட்டர் நீளும். மூன்று மீட்டர் குழாய் 300 டிகிரி சூடேறுமானால் நீட்சி ஒரு சென்டிமீட்டருக்கும் மேல். கார் புறப்படும்போதெல்லாம் குழாய் இப்படி நீண்டு, நின்றபின் சுருங்குகிறது. குழாயைக் காரின் உடலோடு நேரே போல்ட்டுப் போட்டு முடுக்கிவிட்டால் ஏதாவது ஒன்று முறிந்தே தீரும். அதனால்தான் அதை ரப்பர் வளையங்களில் ஊஞ்சல் போலத் தொங்கவிட்டிருக்கிறார்கள். அந்த ரப்பர் நாளடைவில் காய்ந்து வெடிக்கும்.

நீர் எங்கிருந்து வருகிறது என்று சிலர் ஐயுறலாம். மழையும் சேறும் வெளியிலிருந்து தாக்குவது உண்மையே. ஆனால் உள்ளிருந்தும் நீர் வருகிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் ஆவியாக உண்டாகிறது. நெடுந்தூரம் ஓடும் வண்டியில் குழாய் முழுவதும் சூடேறி, அது ஆவியாகவே வெளியேறிவிடும். விடுதியிலிருந்து வகுப்புக்கும் வகுப்பிலிருந்து கடைத்தெருவுக்கும் மட்டுமே ஓடும் வண்டியில், பின்னால் இருக்கும் சைலென்ஸர் பெட்டி சூடேறுவதற்குள் பயணம் முடிந்துவிடுகிறது. ஆவி அங்கேயே குளிர்ந்து நீராகத் தேங்குகிறது. அந்நீர் சிறிது அமிலத்தன்மையும் உடையது. ஆகவே பெட்டி உள்ளிருந்தே துருப்பிடித்துப் போகிறது. ‘குறைவாக ஓடிய வண்டி’ என்று நம்பி வாங்கியவர்கள் சைலென்ஸரில் ஏமாறுவதற்கு இதுவே காரணம். பல பெட்டிகளின் அடியில் நீர் வடிவதற்கென்றே ஊசித்துளை ஒன்று விட்டிருப்பார்கள். அதை ஓட்டையென்று கருதி அடைத்துவிடக் கூடாது.

அதிர்ச்சியைப் பற்றி விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. நம் ஊர்களின் வேகத்தடைகளே போதும்.

முதலில் இது புகைக்குழாய்தானா?

அடியிலிருந்து வரும் ஓசையெல்லாம் குழாயின் குற்றமன்று. ஆகவே முதலில் டிக்கியைத் திறந்து பாருங்கள். கட்டாமல் கிடக்கும் ஜாக்கியும், ஆடும் ஸ்டெப்னியும், உருளும் தண்ணீர்ப் புட்டியும் எத்தனையோ பேரைப் பட்டறை வரை இழுத்துச் சென்றிருக்கின்றன. நம்பர் பலகையின் திருகாணிகளையும் முடுக்கிப் பாருங்கள்.

பிறகு ஒரு எளிய சோதனை. திறந்தவெளியில் வண்டியைச் சமதரையில் நிறுத்தி, கைப்பிரேக்கைப் போட்டு, கியரை நியூட்ரலில் வைத்து, நண்பர் ஒருவரை ஆக்ஸிலரேட்டரை மெல்ல மெல்ல அழுத்தச் சொல்லுங்கள். நின்ற வண்டியிலேயே ஓசை எழுந்தால் குற்றம் எஞ்சினைச் சேர்ந்தது அல்லது புகைக்குழாயைச் சேர்ந்தது. மேடு பள்ளத்தில் ஏறும்போது மட்டும் ஓசை வந்தால், அது தொங்கும் ரப்பராகவும் இருக்கலாம். சக்கரங்களைத் தாங்கும் சஸ்பென்ஷனாகவும் இருக்கலாம். குழாய் குளிர்ந்திருக்கும்போது, கையுறை அணிந்து வால்குழாயைப் பிடித்துப் பக்கவாட்டிலும் மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். அதே ஓசை பிறந்தால் ஐயம் தீர்ந்தது.

ஓசையின் பெயர்

இப்போது நம் இரட்டைக்கிளவிகளுக்கு வருவோம்.

சலசலவென்றோ, தகரம் நடுங்குவது போலக் கிர்ரென்றோ வருவது மெல்லிய தகட்டின் ஓசை. வெப்பத் தடுப்புத் தகட்டின் போல்ட்டு துருப்பிடித்துக் கழன்றிருக்கும். இவ்வோசைக்கு ஓர் அடையாளம் உண்டு: எஞ்சின் குறிப்பிட்ட ஒரு வேகத்தில் ஓடும்போது மட்டும் எழும்; வேகம் கூடினாலும் குறைந்தாலும் மறைந்துவிடும். ஒவ்வொரு தகட்டுக்கும் தானாக அதிர்வதற்கென ஓர் அளவு உண்டு. எஞ்சினின் வெடிப்புக்கள் அந்த அளவோடு ஒத்து வரும்போது தகடு துடிக்கிறது. வீணையின் ஒரு தந்தியை மீட்ட, மீட்டாத தந்தி தானே ஒலிப்பதும் இதே விதிப்படிதான். ஒத்ததிர்வு என்று பௌதிக வகுப்பில் நாம் படித்தது இதுவே.

தடதடவென்று, கதவைத் தட்டுவது போல வருவது குழாய் காரின் தரையில் மோதும் ஓசை. ரப்பர் வளையம் அறுந்திருக்கும்; அல்லது குழாய் வளைந்திருக்கும். வேகத்தடையிலும், வண்டி புறப்படும் கணத்திலும் இது மிகும்.

கடகடவென்று, ஓட்டைப் பானைக்குள் நண்டை விட்டது போல வருவது பெட்டிக்குள் ஏதோ உடைந்து உருளும் ஓசை. அது பின்பக்கத்துச் சைலென்ஸரிலிருந்து வந்தால் தடுப்புத் தகடு கழன்றிருக்கிறது. நடுவிலிருந்தோ முன்பக்கத்திலிருந்தோ வந்தால் கன்வர்ட்டருக்குள் இருக்கும் பீங்கான் தேனடை நொறுங்கியிருக்கிறது. இதனோடு வண்டி மேட்டில் இழுக்கத் திணறினால் ஐயமே வேண்டாம். நொறுங்கிய துண்டுகள் வழியை அடைத்துக்கொண்டிருக்கின்றன.

புஸ்புஸ் என்றோ, பட்பட் என்றோ, விட்டுவிட்டு மூச்சு விடுவது போல வருவது வாயுக் கசிவின் ஓசை. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது தெளிவாகக் கேட்கும். சூடேறியதும் இரும்பு விரிந்து இடைவெளி குறைவதால் ஓசை தணிந்துவிடும். ‘சரியாகிவிட்டது’ என்று நாமும் மறந்துவிடுவோம். முன்னே நான் குறிப்பிட்ட அபாய ஓசை இதுதான்.

தட்டிப் பார்த்தல்

ஓசையின் பெயரால் எழுந்த சந்தேகத்தைக் கையால் உறுதி செய்துகொள்ள வேண்டும். ஓடி நின்ற வண்டியின் குழாய் தோலை உரித்துவிடும். இரண்டு மணி நேரமாவது ஆற விடுங்கள்.

காருக்கு அடியில் நுழைய வேண்டுமானால், ஜாக்கியின் மேல் மட்டும் நிற்கும் வண்டிக்கு அடியில் எக்காரணம் கொண்டும் தலையை நீட்டாதீர்கள். செங்கல்லை அடுக்குவதும் கூடாது. பாரம் ஏறிய செங்கல் முன்னறிவிப்பின்றித் தூளாகும். உறுதியான இரும்பு ஸ்டாண்டுகளைக் கொடுத்து, தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, வண்டியை அசைத்துப் பார்த்த பிறகே உள்ளே போக வேண்டும். இவ்வசதி இல்லாதவர்கள் குழி உள்ள பட்டறைக்குப் போவதே அறிவுடைமை.

உள்ளே போனபின் முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் வரை வரிசையாகப் பாருங்கள். தகடுகளை விரல் நுனியால் தட்டுங்கள். கழன்ற தகடு உடனே காட்டிக்கொடுக்கும். கன்வர்ட்டரையும் சைலென்ஸரையும் ரப்பர்ச் சுத்தியாலோ கைமுஷ்டியாலோ மெல்லத் தட்டுங்கள். நல்ல பெட்டி ஒரே ஓசையாக ஒலிக்கும், உடைந்தது கிலுகிலுப்பையாகும். ரப்பர் வளையங்களைக் கையால் இழுத்து வெடிப்பு இருக்கிறதா என்று நோக்குங்கள். குழாயில் எங்கேனும் பளபளவென்று தேய்ந்த தடம் தெரிந்தால், அங்கேதான் அது காரின் உடலோடு உரசுகிறது. இரண்டு குழாய்கள் சேரும் மூட்டில் கரி படிந்திருந்தால் அங்கே வாயு கசிகிறது.

கசிவை உறுதி செய்ய மற்றொரு வழியும் உண்டு. வண்டியைத் திறந்தவெளியில், குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்தவுடன், நண்பர் ஒருவர் கையுறையோடு தடித்த துணியால் வால்குழாயைச் சில விநாடிகள் மட்டும் அரைகுறையாக மூடட்டும். வாயு வேறு வழி தேடிக் கசிவிடத்தில் சீறும். இதற்காகக் காருக்கு அடியில் நுழையலாகாது. பக்கத்தில் குனிந்து கேட்டாலே போதும்.

பரிகாரம்

ரப்பர் வளையம் அறுந்திருந்தால் புதிதாக மாற்றுவதே வழி. விலை சொற்பம். சோப்பு நீரைத் தடவினால் கொக்கியில் எளிதாக ஏறும். எண்ணெய் தடவினால் ரப்பர் ஊறிக் கெடும். ஒன்று அறுந்திருந்தால் மற்றவற்றுக்கும் அதே வயதுதான் என்பதை நினைவில் வைத்து, எல்லாவற்றையும் சேர்த்து மாற்றுங்கள். வழியில் அறுந்துவிட்டால் இரும்புக் கம்பியால் கட்டிப் பட்டறை வரை போகலாம். அதையே நிலையாக விட்டால், குழாயின் அதிர்வெல்லாம் காரின் உடலில் ஏறி உள்ளே உட்கார முடியாதபடி முழங்கும். நைலான் கயிறு உருகும். சணல் கயிறு எரியும்.

தடுப்புத் தகடு கழன்றிருந்தால் புதுப் போல்ட்டோடு அகலமான வாஷர் ஒன்றைச் சேர்த்து முடுக்கினால் போதும். துளையே அரித்துப் போயிருந்தால், துருப்பிடிக்காத உருக்குப் பட்டைக் கிளாம்பு ஒன்றைக் குழாயையும் தகட்டையும் சுற்றிப் போட்டு இறுக்கலாம். ‘இது எதற்கு?’ என்று தகட்டையே பிய்த்தெறியும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அது தவறு. காரின் தரைவிரிப்பையும் பெட்ரோல் செல்லும் குழாயையும் சூட்டிலிருந்து காப்பது அத்தகடுதான். காய்ந்த புல்லின் மேலும் சருகுக் குவியலின் மேலும் வண்டியை நிறுத்தும் நாம், அடியில் கொதிக்கும் குழாயை மறந்துவிடக் கூடாது.

மூட்டு தளர்ந்திருந்தால் கேஸ்கட்டைப் புதிதாகப் போட வேண்டும். நட்டுக்கள் துருவேறிக் கிடக்கும். துரு இளக்கும் எண்ணெயை முதல் நாளே விட்டு ஊறவைத்தால், போல்ட்டு முறியாமல் கழலும். திரும்பப் பொருத்தும்போது எல்லா நட்டுக்களையும் தளர்வாகப் போட்டு, குழாய்க்கும் காரின் உடலுக்கும் இடையே எங்கும் ஒரு விரற்கடைக்குக் குறையாத இடைவெளி இருக்கிறதா என்று பார்த்து, அதன் பின்பே இறுக்க வேண்டும். முதலிலேயே இறுக்கிவிட்டால் குழாய் முறுக்கேறி நிற்கும். ஓசை சில நாளில் திரும்பி வரும்.

சைலென்ஸர் பெட்டிக்குள் தடுப்புத் தகடு உடைந்தால் வெளியே எத்தனை வெல்டிங் வைத்தாலும் பயனில்லை; பெட்டியைத்தான் மாற்ற வேண்டும். வெளித்தகட்டில் சிறு ஓட்டை மட்டும் இருந்தால், சுற்றியுள்ள இரும்பை ஸ்குரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். உறுதியாக இருந்தால் ஒட்டு வைக்கலாம். முனை உள்ளே இறங்கினால் அந்தப் பெட்டியின் காலம் முடிந்தது. எங்கே வெல்டிங் வைத்தாலும், அதற்கு முன் பேட்டரியின் இணைப்பைக் கழற்றச் சொல்லுங்கள். இன்றைய கார்களின் மின்னணுக் கருவிகள் அதனால் பிழைக்கும்.

கன்வர்ட்டர் நொறுங்கியிருந்தால் செலவு பெரிது. அதை மாற்றுவதற்கு முன் அது ஏன் நொறுங்கியது என்று கேட்க வேண்டும். கல்லோ வேகத்தடையோ இடித்திருக்கலாம். அல்லது எஞ்சினில் ஒரு சிலிண்டர் சரியாக வெடிக்காமல், எரியாத பெட்ரோல் கன்வர்ட்டருக்குள் சென்று எரிந்து தேனடையை உருக்கியிருக்கலாம். அக்குறையைத் தீர்க்காமல் புதியது போட்டால் அதுவும் அதே கதியை அடையும். ‘உள்ளே இருப்பதை எடுத்துவிட்டு வெறும் கூட்டை மாட்டித் தருகிறேன், செலவு மிச்சம்’ என்று யாரேனும் சொன்னால் இணங்காதீர்கள். வண்டி புகைச் சோதனையில் தோற்பது ஒருபுறம் இருக்கட்டும். நச்சு வாயுவை மாற்றும் ஒரே கருவியை நாமே பிடுங்கி எறிந்தவர்களாவோம்.

எல்லாவற்றையும் புதிதாக்கிய பிறகும் தடதடப்பு நிற்கவில்லையென்றால் எஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுண்டுகளைப் பாருங்கள். அவை கிழிந்திருந்தால், கிளட்சை விடும்போதெல்லாம் எஞ்சின் குலுங்கி, தன்னோடு கட்டிய குழாயையும் அடிக்கும்.

பொறுக்கக் கூடாத ஓசை

இனி அந்தப் புஸ்புஸ் ஓசையைப் பற்றி. பெட்ரோல் முழுமையாக எரியாதபோது கார்பன் மோனாக்ஸைடு என்னும் வாயு உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை, சுவையுமில்லை. நம் இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின், பிராணவாயுவைப் பற்றுவதைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேல் உறுதியாக இதைப் பற்றிக்கொள்ளும். ஆகவே காற்றில் சிறிதளவு கலந்திருந்தாலும், நேரம் ஆக ஆக உடம்பு பிராணவாயு இல்லாமல் தவிக்கிறது. முதலில் தலைவலி, பிறகு மயக்கம், குமட்டல், தூக்கம், மனக்குழப்பம். தூக்கமும் குழப்பமும் வந்தபின் தப்பிக்க வேண்டும் என்ற எண்ணமே தோன்றாது. அதுதான் இவ்வாயுவின் கொடுமை.

கன்வர்ட்டருக்கு முன்பாகக் குழாய் கசிந்தால், சுத்தி செய்யப்படாத வாயு வண்டிக்கு அடியிலேயே வெளிவருகிறது. மேனிஃபோல்டில் கசிந்தால், வெளிக்காற்றை இழுக்கும் துவாரத்தின் வழியாக உள்ளே வரலாம். தரை துருப்பிடித்த வண்டியிலும், கதவு ரப்பர் தேய்ந்த வண்டியிலும் வழிகளுக்குப் பஞ்சமில்லை. ஓடும் காரின் பின்புறத்தில் காற்றழுத்தம் குறைந்திருப்பதால், டிக்கியைத் திறந்தபடி ஓட்டினால் வால்குழாயிலிருந்து வரும் வாயுவே உள்ளே இழுக்கப்படும். விடுமுறையில் ரயிலடிக்குப் பெட்டிகளைத் திணித்துக்கொண்டு, மூடாத டிக்கியோடு செல்வோர் இதைக் கருத வேண்டும்.

நம் ஊரில் கார்க் கண்ணாடியை ஏற்றி மூடுவது மழைக்காகவும் குளிர்சாதனத்துக்காகவும்தான். வடநாட்டு ஜனவரியில், முதன்முறையாகக் குளிரைக் காணும் நம்மவர்கள் கண்ணாடிகளை இறுக மூடி, ஹீட்டரைப் போட்டு, எஞ்சினை ஓடவிட்டபடியே உட்கார்ந்து பேசுவதுண்டு, கண்ணயர்வதும் உண்டு. கசியும் குழாயுள்ள வண்டியில் அது பேராபத்து. மூடிய கொட்டகையில் எஞ்சினை ஓடவிட்டால், குழாய் நன்றாக இருந்தாலும் ஆபத்தே. கன்வர்ட்டர் சுமார் 250 அல்லது 300 டிகிரி சூடேறிய பிறகே சரிவர வேலை செய்யத் தொடங்கும். குளிர்ந்த எஞ்சினின் முதல் சில நிமிஷங்களில்தான் இவ்வாயு மிகுதியாக வருகிறது.

காரில் ஏறினால் தலை வலிக்கிறது, இறங்கிச் சற்று நேரத்தில் தெளிகிறது என்று ஒருவர் சொன்னாலும் அலட்சியம் செய்யாதீர்கள். உள்ளே புகைவாடை வந்தால் கண்ணாடிகளை இறக்கி, வண்டியை ஓரம் கட்டி, எஞ்சினை நிறுத்தி, எல்லோரும் வெளியே வந்துவிட வேண்டும். எவரேனும் மயங்கியிருந்தால் காற்றோட்டமான இடத்துக்குக் கொணர்ந்து 112 என்ற எண்ணை அழைத்து, ‘புகை தாக்கியது’ என்று தெளிவாகச் சொல்லுங்கள். அவருக்குப் பிராணவாயு கொடுக்க வேண்டியிருக்கும். கசிவு உள்ள வண்டியை, அது தீரும்வரை ஓட்டாதிருப்பதே நலம்.

பட்டறையில்

பட்டறைக்குச் செல்லும்போது மூன்று செய்திகளைக் கொண்டு செல்லுங்கள்: எத்தகைய ஓசை, எங்கிருந்து, எப்போது. ‘நின்றபடி ஓடும்போது நடுப்பகுதியிலிருந்து தகர ஓசை வருகிறது, வேகமெடுத்தால் நிற்கிறது’ என்று சொல்பவருடைய வண்டிக்குப் புதுச் சைலென்ஸர் விற்பது எளிதன்று. இந்தி பேசும் பகுதியில் மிஸ்திரியிடம் பேசச் சில சொற்கள் போதும்: ஆவாஸ் என்றால் ஓசை, டீலா என்றால் தளர்ந்தது, ரபட் என்றால் ரப்பர், சேத் என்றால் ஓட்டை, ஜங் என்றால் துரு. சைலென்ஸர் எங்கும் சைலென்ஸர்தான். நம் இரட்டைக்கிளவிகளை வாயால் ஒலித்துக் காட்டினாலும் போதும். கட்கட் என்றும் கர்கர் என்றும் இந்தியிலும் ஒலிக்குறிப்புச் சொற்கள் உண்டாதலால், மிஸ்திரி சிரித்துக்கொண்டே புரிந்துகொள்வார். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கி, உடைந்த இடத்தைக் கண்ணால் பாருங்கள். அடுத்த முறைக்கு அதுவே பாடம்.

நண்பர்களே, ஓசை வந்தால் வானொலியின் ஒலியைக் கூட்டிக்கொள்ளும் வழக்கம் நம்மிடையே பெருகிவருகிறது. அதை விடுத்து ஒரு நிமிஷம் காது கொடுங்கள். சலசலத்தால் வரும் ஞாயிறன்று பார்க்கலாம். தடதடத்தால் இந்த வாரத்துக்குள் பாருங்கள். கடகடத்தால் பணத்தைத் தேடத் தொடங்குங்கள். புஸ்புஸ் என்றால் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வகுப்புக்கு நடந்தே செல்லுங்கள்.